எந்தச் சமன்பாட்டின் மாறிலி?

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும் வினைக்கு 400 டிகிரி செல்சியஸில் சமநிலை மாறிலி எவ்வளவு? இரண்டு நூல்களைப் புரட்டினால் ஒன்றில் சுமார் 0.013 என்றும் மற்றொன்றில் சுமார் 0.00017 என்றும் இருக்கக்கூடும். இரண்டுக்கும் இடையே 77 மடங்கு வித்தியாசம். ஆனாலும் அச்சுப்பிழையும் இல்லை, அளவீட்டுப் பிழையும் இல்லை. முதல் நூல் அரை மோல் நைட்ரஜனும் ஒன்றரை மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து ஒரு மோல் அம்மோனியா தருவதாகச் சமன்பாட்டை எழுதியிருக்கும். இரண்டாம் நூல் பின்னங்களைத் தவிர்த்து, ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா தருவதாக எழுதியிருக்கும். 0.013-ஐ 0.013-ஆல் பெருக்கினால் 0.00017 வந்துவிடுகிறது. சமன்பாட்டை இரட்டித்தோம், மாறிலி வர்க்கமானது. வினையைத் திருப்பி, அம்மோனியா சிதைந்து தனிமங்களாவதாக எழுதியிருந்தால் மூன்றாவதாக ஓர் எண் கிடைத்திருக்கும்: 0.00017-இன் தலைகீழி, ஏறத்தாழ 5,900. கலன் ஒன்றுதான், வாயுக்களும் அவையேதான். எண்கள் மட்டும் நாம் எழுதுகிற விதத்துக்கேற்ப மாறுகின்றன.

மாறிலி என்று பெயர் வைத்துவிட்டு அது இப்படி மாறினால் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பே. பாடநூல்கள் இதை மூன்று விதிகளாகக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன: சமன்பாட்டைத் திருப்பினால் மாறிலி தலைகீழாகும், ஓர் எண்ணால் பெருக்கினால் மாறிலி அந்த எண்ணின் அடுக்குக்கு உயரும், இரண்டு சமன்பாடுகளைக் கூட்டினால் மாறிலிகள் பெருக்கப்படும். விதிகளில் குறை ஒன்றும் கிடையாது. ஆனால் அவற்றை மனப்பாடம் செய்தவர்கூட, சமநிலை மாறிலி பொருள்களின் பண்பை மட்டும் சொல்வதில்லை, எழுதப்பட்ட சமன்பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்பதைக் கவனிக்காமல் போகிறார். சமன்பாடு இல்லாத சமநிலை மாறிலி, கிலோவுக்கா மூட்டைக்கா என்று சொல்லாமல் விட்ட அரிசி விலை மாதிரி. இந்தச் சார்பை மாறிலியின் பலவீனமாகக் கருதுவது தவறு என்பதே என் வாதம். யாரும் அளந்திராத வினைகளின் மாறிலிகளையும் காகிதத்திலேயே கணக்கிட முடிவது இந்தச் சார்பு இருப்பதால்தான்.

முதலில் கலவை உண்மையிலேயே மாறுவதில்லையா என்று பார்த்துவிடுவோம். 400 டிகிரியில் சமநிலையை எட்டிவிட்ட ஒரு கலனில் நைட்ரஜனின் பகுதி அழுத்தம் 25 பார், ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் 75 பார் என்று வைத்துக்கொள்வோம். வாயுக்கள் நல்லியல்பு வாயுக்களாக நடந்துகொள்கின்றன என்றும் கொள்வோம். முதல் சமன்பாட்டின்படி, அம்மோனியாவின் அழுத்தம் வேண்டுமானால் 0.013-ஐ நைட்ரஜன் அழுத்தத்தின் வர்க்கமூலத்தாலும் ஹைட்ரஜன் அழுத்தத்தின் ஒன்றரை அடுக்காலும் பெருக்க வேண்டும். 25-இன் வர்க்கமூலம் 5. 75-இன் ஒன்றரை அடுக்கு சுமார் 650. விடை 42 பார். இரண்டாம் சமன்பாட்டின்படி 0.00017-ஐ 25-ஆலும் 75-இன் கனத்தாலும் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 1,790. ஆனால் இது அம்மோனியா அழுத்தத்தின் வர்க்கம். அதன் வர்க்கமூலமும் 42 பார்தான். சமன்பாட்டில் எந்தக் குணகத்தை எழுதினோமோ அதுவே மாறிலிக்கான கோவையில் அடுக்காக ஏறிக்கொள்வதால், மாறிலியில் ஏற்பட்ட மாற்றத்தைக் கோவையில் ஏற்பட்ட மாற்றம் சரியாக ஈடுகட்டிவிடுகிறது.

ஒரு நூலின் எண்ணை எடுத்து மற்ற நூலின் சமன்பாட்டில் போட்டால் என்ன ஆகும்? 0.013-ஐ முழுச் சமன்பாட்டுக்கு உரியதாக எடுத்துக்கொண்டால் அம்மோனியாவின் அழுத்தம் சுமார் 370 பார் என்று வரும். உண்மையான அளவைப்போல் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு! இந்தத் தவறு நேர வாய்ப்பே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. அம்மோனியாத் தொழிலின் தொடக்க காலத்தில், 1923-இல், லார்சனும் டாட்ஜும் அமெரிக்காவில் அளந்து வெளியிட்ட புகழ்பெற்ற அட்டவணை ஒரு மோல் அம்மோனியாவுக்கான, பின்னக் குணகங்கள் கொண்ட சமன்பாட்டின் மாறிலிகளைத்தான் தருகிறது. இன்றைய பள்ளி, கல்லூரி நூல்கள் பெரும்பாலும் முழு எண் சமன்பாட்டைப் பயன்படுத்துகின்றன. ஆகவே மாறிலியைக் குறிப்பிடும் எவரும் பக்கத்திலேயே சமன்பாட்டையும் எழுத வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. சமன்பாடு பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். எழுதுபவரின் விருப்பத்துக்கேற்ப மாறும் எண் இயற்கையைப் பற்றி எதைச் சொல்லிவிட முடியும்? இதற்குப் பதில் மாறிலியின் மடக்கையில் இருக்கிறது. மாறிலியின் மடக்கை, வினையின் திட்ட கட்டிலா ஆற்றல் மாற்றத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. குறி மட்டும் எதிர். 25 டிகிரியில் ஒரு மோல் அம்மோனியா தன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது திட்ட கட்டிலா ஆற்றல் சுமார் 16.4 கிலோஜூல் குறைகிறது. இரண்டு மோல் உருவானால் 32.8 கிலோஜூல் குறைகிறது. இதில் யாரும் குழம்புவதில்லை. இரண்டு மடங்கு பொருள், இரண்டு மடங்கு ஆற்றல். அதே இரட்டிப்பு, மடக்கையை விட்டு மாறிலிக்கு வரும்போது வர்க்கமாகத் தோன்றுகிறது: சுமார் 770 என்பது சுமார் 6 லட்சமாகிறது. திருப்பி எழுதினால் ஆற்றலின் குறி மாறும், மாறிலி தலைகீழியாகும். இரண்டு வினைகளைக் கூட்டினால் ஆற்றல்கள் கூடும், மாறிலிகள் பெருக்கப்படும். மூன்று விதிகளாகக் கற்றுத்தரப்படுவது உண்மையில் ஒரே விதி. அது ஆற்றலின் கூட்டல் விதி. ஆக, சமன்பாட்டைப் பொறுத்து எண் மாறினாலும், எப்படி மாற வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. ஒரு வினையை ஒரு வடிவில் அளந்துவிட்டால் மற்ற எல்லா வடிவங்களுக்கும் எண்கள் அந்த நொடியே நிர்ணயமாகிவிடுகின்றன.

இந்தத் தெளிவு வேதியியலுக்குப் பிறந்த நாளிலேயே கிடைத்துவிடவில்லை. நார்வேயைச் சேர்ந்த மைத்துனர்களான கேட்டோ குல்ட்பெர்க்கும் பீட்டர் வாகேவும் 1864-இல் நிறைதாக்க விதியை முதன்முதலாக முன்வைத்தபோது, அடுக்குகளைச் சோதனைகளின் வழியே கண்டுபிடிக்க வேண்டியவை என்றே கருதினார்கள். 1879-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் சமன்பாட்டின் குணகங்களையே அடுக்குகளாக எழுதினார்கள். குணகம் அடுக்காக ஏறியது முதல், சமன்பாட்டை எழுதும் விதத்துக்கும் மாறிலியின் மதிப்புக்கும் பிரிக்க முடியாத உறவு ஏற்பட்டுவிட்டது.

மாறிலியைச் சமன்பாட்டிலிருந்து பிரித்துப் பார்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது ஒப்பிடும்போதுதான். வெள்ளி குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 1.8 × 10⁻¹⁰. வெள்ளி குரோமேட்டின் கரைதிறன் பெருக்கம் 1.1 × 10⁻¹². இரண்டில் எது நீரில் குறைவாகக் கரையும்? எண்ணை மட்டும் பார்த்தால் குரோமேட் என்று சொல்லத் தோன்றும். கணக்கு வேறு பதில் தருகிறது: லிட்டருக்குக் குளோரைடு 1.3 × 10⁻⁵ மோல்தான் கரைகிறது, குரோமேட்டோ ஏறத்தாழ 6.5 × 10⁻⁵ மோல் கரைகிறது. குளோரைடின் சமன்பாட்டில் ஒரு வெள்ளி அயனி, குரோமேட்டின் சமன்பாட்டில் இரண்டு. இரண்டையும் ஒரு வெள்ளி அயனிக்கு என்று ஒரே அளவில் எழுதினால், குரோமேட்டின் சமன்பாட்டைப் பாதியாக்க வேண்டும். மாறிலி வர்க்கமூலமாகி 10⁻⁶-ஐ ஒட்டி வந்துவிடும். இப்போது அது குளோரைடின் எண்ணைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது.

கிணற்று நீரில் உள்ள குளோரைடை அளக்கும் மோர் (Mohr) முறை முழுக்க முழுக்க இதை நம்பித்தான் நடக்கிறது. நீரில் சில துளி பொட்டாசியம் குரோமேட் விட்டதும் அது எலுமிச்சை மஞ்சளாகிறது. பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட் சொட்டச் சொட்ட, விழுந்த இடத்தில் ஒரு செங்கல் நிறக் கீற்று தோன்றும். குடுவையைச் சுழற்றியதும் அது மறைந்து வெண்மையாகக் கலங்கும். குளோரைடு மிச்சமிருக்கும்வரை சிவப்பு நிற வெள்ளி குரோமேட் நிலைப்பதில்லை. வெள்ளியைக் குளோரைடு பறித்துக்கொள்கிறது. குளோரைடு தீர்ந்த பிறகே சிவப்புச் சாயல் நிற்கிறது; அங்கே தரம்பார்த்தலை நிறுத்துகிறோம். வெள்ளி குரோமேட் இரண்டு குளோரைடு அயனிகளோடு வினைபுரிந்து இரண்டு வெள்ளி குளோரைடு தரும் இந்தப் பரிமாற்றத்தின் மாறிலியை யாரும் தனியாக அளக்க வேண்டியதில்லை. குரோமேட் கரையும் சமன்பாட்டிலிருந்து, இரட்டித்த குளோரைடுச் சமன்பாட்டைக் கழித்தால் போதும். 1.1 × 10⁻¹²-ஐ 1.8 × 10⁻¹⁰-இன் வர்க்கத்தால் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 3.4 கோடி. மாணவர் கண்முன்னே சிவப்பு வெண்மையாவதற்கு இந்த மாபெரும் எண்ணே காரணம். இரட்டிக்க மறந்தால் விடை 0.006 என்று வரும். வினை எதிர்த்திசையில் போகும் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குக் கூட்டல் விதியின் வேறொரு சாட்சி பழக்கமானது. வெள்ளி நைட்ரேட் விட்டால் குளோரைடு தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவைத் தரும். அம்மோனியம் ஹைட்ராக்சைடு விட்டால் அது கரைந்துவிடும். புரோமைடின் வெளிர்மஞ்சள் வீழ்படிவு சிறிதளவே கரையும். அயோடைடின் மஞ்சள் கரையவே கரையாது. இதை மூன்று தனித்தனி உண்மைகளாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பெருக்கல். முதல் சமன்பாட்டில் உப்பு கரைந்து வெள்ளி அயனி தருகிறது. இரண்டாவதில் வெள்ளி அயனி இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளோடு சேர்ந்து அணைவு அயனியாகிறது. அதன் மாறிலி 1.7 × 10⁷. இரண்டையும் கூட்டும்போது வெள்ளி அயனி இருபுறமும் அடிபட்டுப் போகிறது. குளோரைடுக்குப் பெருக்கல் பலன் 0.003, புரோமைடின் கரைதிறன் பெருக்கம் 5.4 × 10⁻¹³ என்பதால் அதற்கு 0.000009, அயோடைடுக்கு 10⁻⁹ அளவில். லிட்டருக்கு ஒரு மோல் செறிவுள்ள அம்மோனியாவில் இவை முறையே லிட்டருக்கு 0.05 மோல், 0.003 மோல், 0.00004 மோல் கரையும் என்று கணக்கு சொல்கிறது. 0.003 என்ற மாறிலி ஒன்றைவிடச் சிறியதுதான். அதனால் குளோரைடு கரையாது என்று நினைத்துவிடக் கூடாது. சிறிய மாறிலியோடும், போதுமான அம்மோனியா இருந்தால், சோதனைக்குழாயில் இருக்கும் துளி வீழ்படிவு முழுவதும் கரைந்துவிடும்.

இரண்டாவது ஆட்சேபம் முதலாவதைவிடக் கூர்மையானது. காகிதத்தில் இரண்டு சமன்பாடுகளைக் கூட்டுவது எளிது; வினை உண்மையில் அந்த இரண்டு படிகளில் நடக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? ஆதாரம் ஏதும் இல்லை, தேவையும் இல்லை. மாறிலி, தொடக்க நிலைக்கும் முடிவு நிலைக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசத்தைச் சார்ந்தது; இடையில் எந்த வழியாகப் போனோம் என்பதைச் சார்ந்ததில்லை. வெப்பத்தைப் பொறுத்தவரை இதை ஹெஸ் 1840-இலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிலைநாட்டிவிட்டார். வினைவேகம் வேறு சங்கதி. வேகத்துக்கான கோவை வினை நடக்கும் வழியைப் பொறுத்தது. சமன்பாட்டை இரட்டித்து எழுதினால் அது வர்க்கமாகிவிடாது.

நம் உடலில் குளுக்கோஸ் பாஸ்பேட்டைப் பெறும் முதல் படி இந்த ஆட்சேபத்தைச் சோதிக்க நல்ல இடம். நடுநிலை pH-இல், குளுக்கோஸ் கரைசலில் உள்ள பாஸ்பேட்டோடு நேரடியாகச் சேர்வதற்கான மாறிலி சுமார் 0.0038. ஏ.டி.பி. மூலக்கூறு நீரால் பிளவுற்றுப் பாஸ்பேட் தருவதற்கான மாறிலி சுமார் 2.2 லட்சம். கூட்டினால் பாஸ்பேட்டும் நீரும் அடிபட்டு, ஏ.டி.பி. குளுக்கோஸுக்குப் பாஸ்பேட் தரும் வினை மிஞ்சுகிறது. மாறிலி சுமார் 840. ஏ.டி.பி. உடைந்து வெளிவரும் ஆற்றல் குளுக்கோஸைத் தள்ளுகிறது என்று இதைப் பலர் விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஏ.டி.பி.யும் குளுக்கோஸும் உள்ள கரைசலில் ஏ.டி.பி.யை உடைக்கும் நொதியை மட்டும் சேர்த்தால் ஏ.டி.பி. உடையும், வெப்பம் வெளியேறும், குளுக்கோஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஹெக்சோகைனேஸ் என்ற நொதி ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை நேரே குளுக்கோஸுக்கு மாற்றித்தருகிறது. நீரால் உடைவது என்ற படியே அங்கு இல்லை. ஆனாலும் 840 என்ற எண் சரியானது. கூட்டல் எந்த வினை சாத்தியம் என்பதைச் சொல்கிறது. அது நடக்க வழி போட்டுத்தருவது நொதியின் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் கூட்டல் விதி மீது வீண் சந்தேகம் வருகிறது.

கழித்தலின் வலிமையைக் கடலில் பார்க்கலாம். கரியமில வாயு கடல்நீரில் கரைந்தால் பைகார்பனேட் உண்டாகிறது. பைகார்பனேட் பிரிந்தால் கார்பனேட். அப்படியானால் வாயு கூடக்கூடக் கார்பனேட்டும் கூடும், ஓடு கட்டும் உயிர்களுக்கு அது நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். சமன்பாடுகளை எழுதிப் பார்த்தால் விடை மாறுகிறது. முதல் படியின் மாறிலி நன்னீரில் 4.5 × 10⁻⁷; இரண்டாம் படியின் மாறிலி 4.7 × 10⁻¹¹. இரண்டு படிகளும் ஹைட்ரஜன் அயனியை வெளியிடுகின்றன. முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஹைட்ரஜன் அயனி மறைந்து, கரியமில வாயுவும் நீரும் கார்பனேட்டும் சேர்ந்து இரண்டு பைகார்பனேட் ஆகும் வினை கிடைக்கிறது. இரண்டு மிகச் சிறிய எண்களை ஒன்றால் ஒன்று வகுக்க, சுமார் 9,600 வருகிறது. கடல்நீரில் உப்புகள் இருப்பதால் இந்த மதிப்பு குறைந்தாலும் ஆயிரத்தைத் தாண்டியே நிற்கிறது. ஆக, கூடுதலாகக் கரையும் வாயு கார்பனேட்டைப் பெருக்குவதில்லை, தின்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் தம் சுண்ணாம்பு எலும்புக்கூட்டைக் கட்டுவது அந்தக் கார்பனேட்டைக் கொண்டுதான். அளந்த இரண்டு மாறிலிகளையும் தனித்தனியே எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த முடிவு தெரியாது; கழித்தால்தான் தெரியும்.

விதிகளுக்கு எல்லைகளும் உண்டு. கூட்டப்படும் எல்லா மாறிலிகளும் ஒரே வெப்பநிலைக்கு உரியவையாக இருக்க வேண்டும். திட்ட நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். 1982-இல் திட்ட அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்திலிருந்து 1 பாருக்கு மாற்றப் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் பரிந்துரைத்தது. அந்த மாற்றத்தால் முழு எண் அம்மோனியாச் சமன்பாட்டின் மாறிலி சுமார் 2.7 சதவீதம் மாறுகிறது. அரைச் சமன்பாட்டுடையதோ அதில் பாதியளவே மாறுகிறது. அலகு மாற்றத்தின் விளைவுகூடச் சமன்பாட்டை எப்படி எழுதினோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சமன்பாட்டின் அளவை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதினால் எவ்வளவு தெளிவு கிடைக்கும் என்பதற்கு உலோகவியலில் ஹெரால்டு எல்லிங்காம் 1944-இல் வரைந்த படம் சான்று. ஒவ்வோர் உலோகமும் ஆக்சைடாகும் வினையை அவர் ஒரு மோல் ஆக்சிஜனுக்கு என்றே எழுதினார். அப்படி எழுதியதால் அலுமினியத்துக்கு மூன்றில் நான்கு என்ற அழகற்ற பின்னம் வந்தது. அதை அவர் பொறுத்துக்கொண்டார். அலுமினியம் ஆக்சைடு உருவாகும் திட்ட கட்டிலா ஆற்றல் 25 டிகிரியில் மோலுக்கு மைனஸ் 1,582 கிலோஜூல். மக்னீசியம் ஆக்சைடுக்கு மைனஸ் 569. இந்த எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அலுமினியம் மக்னீசியத்திடமிருந்து ஆக்சிஜனை எளிதில் பிடுங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் ஒரு மோல் அலுமினியம் ஆக்சைடில் மூன்று மோல் ஆக்சிஜன் அணுக்கள், மக்னீசியம் ஆக்சைடில் ஒரே ஒரு மோல். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு என்று மாற்றினால் அலுமினியத்துக்கு மைனஸ் 1,055-ம் மக்னீசியத்துக்கு மைனஸ் 1,138-ம் வருகின்றன. பிடுங்குவது மக்னீசியம். மூன்று மோல் மக்னீசியம் ஒரு மோல் அலுமினியம் ஆக்சைடை ஒடுக்குவதாக எழுதினால் கட்டிலா ஆற்றல் மாற்றம் சுமார் மைனஸ் 125 கிலோஜூல். மாறிலி 10²¹-ஐத் தாண்டிவிடும். இந்த முடிவு இந்த வெப்பநிலைக்கு மட்டுமே உரியது. படத்தில் இரண்டு உலோகங்களின் கோடுகளும் வெவ்வேறு சரிவில் ஏறி, மிக உயர்ந்த வெப்பநிலையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதற்கு அப்பால் ஆக்சிஜனைப் பிடுங்கும் வலிமை அலுமினியத்தின் பக்கம் போய்விடுகிறது.